இருபத்துநாலாவது தக்கை

பதுளை பசறை வீதியில் மர்ஸூக் முதலாளிக்கு ஒரு பெயின்ட் பட்டறை இருந்தது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் இயந்திரங்கள் துருவேறினால் அங்கேதான் லொறியில் வந்து இறங்கும். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், பெயின்ட் படக்கூடாத இடங்களையெல்லாம் மறைத்தாக வேண்டும். எண்ணெய் விடும் துளைக்குள் பெயின்ட் இறங்கினால் அடைத்துக்கொள்ளும். வழவழப்பாகக் கடைந்த இடத்தில் பட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. முன்பெல்லாம் இதற்குச் சீமையிலிருந்து ஒட்டு டேப் வந்தது. ஒட்டி, அடித்து, உரித்து எறிந்துவிடலாம். எழுபத்துமூன்றில் அரிசியும் மாவுமே ஒழுங்காகக் கிடைக்காதபோது டேப்புக்கு எங்கே போவது? முதலாளி பழைய டயர்களை வெட்டி ரப்பர் தக்கைகள் செய்வித்தார். தகரத்தில் மூடிகள் அடிக்கச் சொன்னார். படங்குத் துணியில் உறைகள் தைப்பித்தார். இவற்றை மாட்டி அடித்து, கழற்றிக் கழுவி, காயவைத்து, மறுபடி மாட்ட வேண்டும். கழுவுவதும் காயவைப்பதும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும் இராக்கம்மாவின் வேலை.

அவள் ஊத்துக்கல் தோட்டத்துக்காரி. மழையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு நொறுங்கிய பிறகு கூடை சுமக்க முடியவில்லை. தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். புருசன் கணபதி தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற இடத்தில் நின்றான். ஒருவன் உழைப்பில் இரண்டு பிள்ளைகளோடு வயிறு நிறையாது என்றுதான் அவள் காலை பஸ்ஸில் டவுனுக்கு வரத் தொடங்கினாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பட்டறைக்கு வந்த நாலாம் மாதமே அந்தத் தக்கைகளுக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். எல்லாவற்றையும் மூன்று செட்டாகப் பிரித்தாள். ஒரு செட் வேலையில் இருக்கும்போது ஒன்று காஸ்டிக் சோடா பீப்பாயில் ஊறும். மற்றது சாக்கு மேல் நிழலில் காயும். ஊறி வந்த ரப்பரை இரண்டு நாள் காயவிடாமல் எடுக்கக்கூடாது என்பதைக் கையால் தொட்டே கண்டுபிடித்தாள். ஈரத் தக்கை சோப்பு மாதிரி வழுக்கும், துளையின் விளிம்பில் நிற்காது. பெயின்ட் அடிக்கிற பலீல், "இந்தப் பொம்புள வந்த பொறகுதான் ஏன்ட வேல வேல மாதிரி ஈக்கு" என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறான்.

முதலாளிக்குக் கீழே நின்று பட்டறையை நடத்தியவன் இராசையா பாஸ். முந்தின வருடம் ஒரு தோட்டத்துக்குப் போன இயந்திரத்துக்குள் தகர மூடி ஒன்று அகப்பட்டு, பல்சக்கரம் உடைந்தது. முதலாளி எல்லார் முன்னாலும் இராசையாவின் கன்னத்தில் அறைந்தார். அன்றிலிருந்து அவன் ஒரு சட்டம் வைத்தான். கொடுத்த தக்கை கொடுத்த கணக்கில் திரும்பி வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்லவேண்டியவள் இராக்கம்மா.

பதில் என்றால் வாயால் சொல்கிற பதில் அல்ல.

"பீப்பாய்க்குள்ள கெடக்கும். தேடு" என்பான்.

"கரண்டியால தொழாவிட்டேனுங்க."

"கரண்டிக்குக் கண்ணு இருக்கா? கைய விடு."

காஸ்டிக் தண்ணீரில் கையை விட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. தோல் வெளுத்து வழுவழுவென்றாகும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எரிவு எலும்பு வரைக்கும் இறங்கும். அவள் முழங்கை வரை கையை விட்டுத் தடவுவாள். இராசையா ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, "அந்த மூலையில பாத்தியா?" என்று கேட்பான். அவன் குரலில் கோபமே இருக்காது. ஒரு தடவை, தொலைந்ததாகச் சொன்ன தக்கை அவனுடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் கையை வெளியே எடுத்த பிறகு அதை எடுத்துக் காட்டிச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தால் அடுத்தது தன் கை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐப்பசியில் ஒரே மாதத்தில் அவள் இரண்டு தடவை பீப்பாய்க்குள் கை விட்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். சோறு பிசைய முடியாமல் மகள் ஊட்டிவிட்டாள்.

அப்போதுதான் ஊத்துக்கல் ஸ்டோரின் காற்றாடி வந்தது. தேயிலையை உலர்த்தும் டிரையருக்கு அடுப்பிலிருந்து சூட்டை இழுத்துக் கொடுக்கிற பெரிய இரும்புக் காற்றாடி. கொழுந்து கொட்டுகிற பருவம் என்பதால் தோட்டத்துக்காரர்கள் இரண்டே நாளில் திருப்பிக் கேட்டார்கள்.

"செட்டக் கொண்டா" என்றான் இராசையா.

"இன்னிக்குக் காலையிலதான் சோடாவுல இருந்து எடுத்தேனுங்க பாஸ். மத்த ரெண்டு செட்டும் வேற மிசினுல மாட்டியிருக்கு. இது நாளன்னிக்குத்தான் காயும்."

"வெய்யில்ல போடு."

"வெய்யில்ல போட்டா வெறைச்சு வெடிச்சிரும். ஈரத்தோட மாட்டினா வழுக்கும். துளைக்குள்ள போயிரும்."

"ஒன்னயக் கேட்டேனா?"

அவள் சின்னத் தக்கைகள் இருபத்துநாலை எண்ணிக் கொடுத்தாள். பலீல் அடித்தான். மறுநாள் பெயின்ட் காய்ந்ததும் பையன்கள் கழற்றிக் கொண்டுவந்து தகர டப்பாவில் கொட்டினார்கள். அவள் எண்ணினாள். இருபத்துமூன்று. தரையில் பரப்பி, தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்துமூன்றுதான்.

வெளியே லொறி வந்து நின்றுவிட்டது. பொருத்துகிறவன் எண்ணெய்க் கிண்ணங்களைத் துளைகளின் மேல் திருகி முடுக்கிக்கொண்டிருந்தான். போய் நிறுத்தச் சொல்லலாம். ஒவ்வொரு கிண்ணமாகக் கழற்றிக் கம்பியை விட்டுப் பார்க்கலாம். அரைமணி நேர வேலை. ஆனால் அதைச் சொல்ல இராசையாவிடம்தான் போகவேண்டும். அவன் முதலில் காற்றாடியைப் பார்க்கமாட்டான், பீப்பாயைத்தான் காட்டுவான். துணி சுற்றிய கைகளை அவள் பார்த்தாள். துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது.

மேசைக்கடியில் டயர்த் துண்டு கிடந்தது. பிளேடை எடுத்தாள். பழைய தக்கைகள் தேய்ந்தால் புதிது வெட்டுவதும் அவள் வேலைதான். கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவாள். உப்புத்தாளில் இரண்டு தேய், பெயின்ட்டில் ஒரு முக்கு, துணியால் ஒரு துடைப்பு. டப்பாவில் போட்டுக் குலுக்கினாள்.

இராசையா வந்து எண்ணினான். "இருபத்துநாலு. ஏத்துங்கடா."

எங்கேயாவது உருண்டு போயிருக்கும், சாக்குக்கடியில் கிடக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலம் பட்டறை முழுக்கக் கூட்டினாள். கிடைக்கவில்லை.

ஒரு வாரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பீலிக்கரையில் குடத்தோடு நின்றாள். மலையிலிருந்து தகரப் பீலி வழியாகத் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் எல்லாரும் சந்திப்பார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகர் முகம் கழுவிக்கொண்டிருந்தான். டிரையர் அறையில் காற்றாடிக்கும் சங்கிலிகளுக்கும் எண்ணெய் விடுவது அவன் வேலை. பதினேழு வருட வேலை. இராக்கம்மாவின் இடுப்பு முறிந்த அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான்.

"தங்கச்சி, ஒங்க கடை வேலை சும்மா சொல்லக்கூடாது" என்றான். "முன்னாடியெல்லாம் அந்தக் காத்தாடி வேளைக்கு ஒரு கிண்ணம் எண்ணெய் குடிக்கும். இப்ப பாருங்க, சுவத்துப் பக்கத்துக் கிண்ணத்துல வச்சது வச்ச மாதிரி இருக்கு. ஒரு வாரமா ஒரு சொட்டு எறங்கல. அவ்வளவு கச்சிதமா பூட்டியிருக்காங்க!"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

கம்பியை விட்டுப் பாருங்கண்ணே என்று சொன்னால் போதும். மூன்று வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. அவன் கம்பியை விடுவான், தக்கை வரும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கரிடம் காட்டுவான், டீ மேக்கர் பட்டறைக்கு ஆள் அனுப்புவார். பிறகு இராசையா தன் டப்பாவை எண்ணிப் பார்ப்பான். இருபத்துநாலும் இருக்கும். அப்போது அவன் கையோடு மட்டும் விடமாட்டான்.

"அப்படிங்களாண்ணே" என்றாள்.

"ஆமாங்கறேன்!" என்று சிரித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் போனான்.

வீட்டுக்கு வந்து கணபதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுருட்டைக் கீழே வைத்தான். பிறகு, "நீ பாத்தியா, தக்கை அதுக்குள்ள இருக்குன்னு?" என்று கேட்டான்.

"பாக்கல."

"பாக்காதத எதுக்குச் சொல்ற? ஒன் வேலையும் போயி, நம்மளயும் சேத்து வெரட்டவா? வாயத் தொறக்காத."

"அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"காத்தாடி நிக்கும். நின்னா கழட்டிப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

அவள் நம்பினாள். நம்பாவிட்டால் எழுந்து போகவேண்டியிருக்கும், அதனால் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, அவள் பட்டறையில் உறைகளை உதறிக்கொண்டிருந்தபோது, அங்கே காற்றாடியின் சுவர்ப்பக்கத்துப் பேரிங் நெருப்பாய்ச் சிவந்தது. பொருத்தும்போது தடவிய கிரீஸில் அவ்வளவு நாளும் ஓடிய தண்டு, கிரீஸ் தீர்ந்ததும் இறுகி முறிந்தது. கிண்ணத்தில் ததும்பிக்கொண்டிருந்த எண்ணெய் அந்தச் சிவந்த இரும்பின் மேல் கொட்டித் தீப்பிடித்தது. டிரையர் அறையில் எங்கு பார்த்தாலும் தேயிலைப் பஞ்சு படிந்திருக்கும். அது பற்றிக்கொண்டது. மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். அழகர் அடுப்புக் கதவை மூட உள்ளே ஓடினான். மூடினான். ஸ்டோர் தப்பியது. அவனுடைய இரண்டு கைகளும் முகத்தில் இடப்பக்கமும் வெந்துபோயின.

அவன் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே தோட்டத்தில் விசாரணை முடிந்துவிட்டது. பேரிங் வறண்டு எரிந்திருந்தது. வறண்டிருந்தால் எண்ணெய் விடவில்லை. எண்ணெய் விடுகிறவன் அழகர். மூன்றே வரி. பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அங்கம்மாவின் பேரையும் வெட்டினார்கள். மாத முடிவுக்குள் காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

முறிந்த காற்றாடி மறுபடியும் பட்டறைக்கே வந்தது. புதுத் தண்டு போட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். கருகிய பேரிங்கைச் சுரண்டும் வேலை இராக்கம்மாவுக்கு வந்தது. எண்ணெய்த் துளையில் கம்பியை விட்டாள். ஏதோ தடுத்தது. நெம்பினாள். விரல் நுனியளவு கரிக்கட்டி ஒன்று வந்தது. ஒரு பக்கம் இன்னும் ரப்பராகவே இருந்தது. டயரின் நூல் ஓட்டம்கூடத் தெரிந்தது.

இராசையாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். "இது உள்ள இருந்துச்சுங்க."

அவன் வாங்கிப் பார்த்தான். நிமிர்ந்து ஆணியில் தொங்கிய டப்பாவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. அவன் முகத்தில் வந்தது கோபம் அல்ல. திருவிழாவில் எதையோ வென்றவன் மாதிரி மலர்ந்தான்.

"என் டப்பாவுல இருபத்துநாலு இருக்கே. அப்ப இது எத்தனாவது?"

அவள் துணி சுற்றிய கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வெட்டிப் போட்டிருக்க. என்னய ஏமாத்திட்டோம்னு நெனச்சு அந்தாள எரிச்சிருக்க. எனக்கு இதுல என்னா வந்துச்சு? என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு."

"ஈரத்தோட மாட்டச் சொன்னது நீங்கதானுங்களே."

"அப்படியா? யாரு கேட்டா?" சுற்றிலும் பார்த்தான். "பலீல், நீ கேட்டியா?"

பலீல் பெயின்ட் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வீட்டில் ஆறு பேர். "நான் ஒண்டும் கேக்கல்ல" என்றான், தலை நிமிராமல்.

இராசையா அந்தக் கரிக்கட்டியைப் பீப்பாய்க்குள் போட்டான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வேணும்னா எடுத்துக்க."

அவள் கைத்துணியை அவிழ்த்தாள். அடியில் படிந்திருந்த சேற்றுக்குள் தடவித் தடவி எடுத்தாள். எடுத்து மடியில் முடிந்துகொண்டு நேரே பஸ் ஏறினாள். இராசையா பின்னாலிருந்து ஏதோ கத்தினான். அவள் திரும்பவில்லை.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் இருந்தார். அவள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காயாத தக்கை, இருபத்துமூன்று, டயர்த் துண்டு, பிளேடு. தன் மேல் தவறு என்று சொன்னாள். அழகர் கிண்ணத்தில் எண்ணெய் விட்டிருந்தான், அதுதான் உள்ளே இறங்கவில்லை என்று சொன்னாள். கிளாக்கர் பொறுமையாகக் கேட்டார். தக்கையைத் தாளில் வைத்துத் துரையின் அறைக்குக் கொண்டுபோனார். உள்ளே டெலிபோன் பேசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மர்ஸூக் முதலாளிகிட்ட பேசியாச்சு. ஒன்னய வேலைய விட்டு நிப்பாட்டின கோவத்துல நீ வந்திருக்கன்னு சொல்றாரு."

"என்னய யாரும் நிப்பாட்டலீங்களே. நானா பஸ் ஏறி வந்தேன்."

"இப்ப நிப்பாட்டியாச்சு." அவர் உட்கார்ந்தார். "இங்க பாரு. இந்த மாதிரித் தக்கை ஒனக்கு வெட்டத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பழசு மாதிரியே, ஆருக்கும் வித்தியாசம் தெரியாம?"

"ஆமாங்க. அப்படித்தான் வெட்டினேன்."

"அப்ப இதையும் நீயே வெட்டி அடுப்புல காட்டிக் கொண்டாந்திருக்கலாமே. அழகர் பக்கத்துக் காம்பராக்காரன்தானே ஒனக்கு?"

கிளாக்கர் தக்கையைக் குப்பைக் கூடையில் போடவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. தன் மேசை லாச்சியில் போட்டு மூடினார். "கணபதி இன்னும் வேலையில இருக்கான்" என்றார், மெதுவாக. "அத நெனச்சுக்கிட்டுப் போ."

மாத முடிவில் அழகரின் குடும்பம் மூட்டை கட்டியது. மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்கள் என்று லயத்தில் பேச்சு. வெந்த கைகளோடு அவன் என்ன வெட்டுவான் என்று யாரும் கேட்கவில்லை. இராக்கம்மா ஒரு கொத்து அரிசியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டிலேயே இருந்தது அவ்வளவுதான்.

அழகர் வாசலில் கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். இடது கண் பாதி மூடியிருந்தது. அவளைக் கண்டதும், "வாங்க தங்கச்சி" என்றான். பிறகு, யாரிடமோ கேட்பது போலச் சொன்னான்: "நான் எண்ணெய் விட்டனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. படுத்தா அதுதான். விட்டேனா? கிண்ணம் நெறஞ்சிருந்துச்சே? இல்ல, அது மொத நாளா?"

"விட்டீங்கண்ணே" என்றாள் இராக்கம்மா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அது அவளுக்கு இரண்டாவது தடவை, அதனால் வார்த்தை தடுமாறவில்லை.

அழகர் முடியும் வரை கேட்டான். "அன்னிக்குப் பீலிக்கரையில நான் சொன்னப்போ?" என்றான்.

"தெரியுமுங்கண்ணே."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் முகத்தில் முதலில் தெரிந்தது ஆறுதல்தான். விட்டிருக்கிறேன், பதினேழு வருடத்தில் ஒருநாளும் விடாமல் இருந்ததில்லை. அந்த ஆறுதல் வெகுநேரம் நிற்கவில்லை. அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான்.

அங்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இராக்கம்மா எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அங்கம்மா கையை நீட்டி அரிசி முடிச்சை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு வழியில் கொடுக்க ஒன்றும் இல்லை. வாங்கி மூட்டைக்குள் செருகினாள்.

"மதினி, ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள் இராக்கம்மா.

"எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் அங்கம்மா. அது புருசனிடம் சொன்னது.

அந்தத் தை மாதம் கணபதிக்கு டிரையர் அறையில் அழகரின் வேலை கிடைத்தது. பெரிய கிளாக்கரே கூப்பிட்டுக் கொடுத்தார். கைநிறையக் கிடைக்காவிட்டாலும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. இராக்கம்மாவின் கைப்புண் ஆறியது. ஆறிய தோல் காகிதம் மாதிரி சுருங்கி, விரல்கள் முழுசாக விரியாமல் நின்றுவிட்டன. பட்டறைக்கு வேறொருத்தி போனாள்.

மத்தியானங்களில் கணபதிக்குச் சோறு கொண்டுபோய் ஸ்டோர் வாசலில் நிற்பாள். ஒருநாள் அவன் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேருக்குக் காற்றாடியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"முன்ன அழகர்னு ஒருத்தன் இருந்தான்" என்று சொன்னான் கணபதி. "சோம்பேறி. எண்ணெய் விடாம விட்டதா நடிச்சு, ஸ்டோரையே கொளுத்தப் பாத்தான். பொழச்சது எங்க அதிஷ்டம். அதனால நீங்க..."

வாசலில் அவள் நிற்பதைக் கண்டான். ஒரு கணம்தான் நிறுத்தினான்.

"அதனால நீங்க வேளைக்கு வேளை கிண்ணத்தப் பாக்கணும்" என்று முடித்துவிட்டு, வந்து சோற்றுச் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.